கம்ப்யூட்டருக்குள் கெட்டுப்போன குடித்தனம்

கல்யாண வீட்டு வாசலில் தொங்கும் சீரியல் விளக்குகளைப் பார்த்திருப்பீர்கள். வரிசையில் ஒரே ஒரு பல்பு மண்டையைப் போட்டால் போதும். மற்ற பல்புகள் அத்தனையும் அதற்குத் துக்கம் அனுஷ்டிப்பது போல அணைந்துவிடும். பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரி. எது செத்தது, எது சும்மா துக்கம் கேட்க வந்தது என்று தெரியாது. அனுபவம் இல்லாதவர் முதல் பல்பிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க ஆரம்பிப்பார். அதற்குள் மாப்பிள்ளை அழைப்பு முடிந்துவிடும். கைதேர்ந்த விளக்குக்காரரோ வரிசையின் நடுவில் டெஸ்டரை வைப்பார். அதுவரை கரண்ட் வந்திருந்தால் முன்பாதிக்குக் குற்றமில்லை, கோளாறு பின்பாதியில். அப்புறம் பின்பாதியின் நடுவில் டெஸ்டர். இப்படி நாலைந்து தடவை, குற்றவாளி கையில்!

இந்த யுக்தியை இங்கே நினைவுபடுத்தக் காரணம், வியாசர்பாடியிலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம். "என் பெண் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால், 'ஆயா வீடு திறக்க மாட்டேங்குது' என்கிறாள். என் அம்மா இருந்த வீட்டை இடித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இவள் சொல்வது கம்ப்யூட்டரில் இருக்கும் வீடாம். இதற்கு ஏதாவது பரிகாரம் உண்டா?" என்று கேட்டிருந்தார்.

மற்றக் கடிதங்களுக்கெல்லாம் மேஜையிலிருந்தபடியே பதில் எழுதிவிடலாம். இதற்கு நேரில் போனால்தான் ஆகும் என்று தோன்றியது. சென்ட்ரலில் மின்சார ரயில் ஏறினால் பேசின் பிரிட்ஜுக்கு அடுத்த ஸ்டேஷன் வியாசர்பாடி ஜீவா. தோழர் ஜீவானந்தத்தின் பெயரைத் தாங்கிய ஸ்டேஷன் அது. பையன்கள் பந்து உதைக்காத சந்து ஒன்றைக்கூட வழியில் நான் பார்க்கவில்லை. கால்பந்துக்குப் பேர்போன பேட்டை என்று சொல்வது பொய்யில்லை.

வீட்டுக்குப் போன கதையைச் சொல்லுமுன், கம்ப்யூட்டருக்குள் வீடு என்றால் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். விளையாட்டு என்றாலே துப்பாக்கியும் மோட்டார் பந்தயமும்தான் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 'ஸிம்ஸ்' என்ற விளையாட்டில் அதெல்லாம் கிடையாது. நாம் சின்ன வயதில் சொப்பு வைத்து விளையாடினோமே, அதேதான்! மனை பிடித்து வீடு கட்டலாம், சுவருக்கு வர்ணம் பூசலாம், அடுப்பு வாங்கலாம், அதில் குடியிருப்பவர்களைச் சமைக்கச் சொல்லலாம், தூங்கச் சொல்லலாம், வேலைக்கு அனுப்பலாம். பில் கட்ட மறந்தால் விளக்கை அணைத்துவிடுவார்கள். நிஜ வாழ்க்கைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், இங்கே சமையலறையை எத்தனை தடவை வேண்டுமானாலும் இடித்துக் கட்டலாம். நிஜத்தில் ஒரு மேடைக்கல்லை மாற்றுவதற்கே மூன்று வருஷம் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

இந்த விளையாட்டு பிறந்த கதையும் சாதாரணமானதல்ல. 1991 அக்டோபரில் அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தின் ஓக்லண்ட் மலைச்சரிவில் பெருந்தீ மூண்டது. 25 பேர் மாண்டார்கள்; ஆயிரக்கணக்கான வீடுகள் சாம்பலாயின. அதில் ஒன்று வில் ரைட் என்பவருடையது. 1989-இல் வெளிவந்த 'ஸிம் சிட்டி' என்ற விளையாட்டின் மூலம் அப்போதே பெயர் வாங்கியிருந்தவர் அவர். குடும்பம் தப்பியது, வீடு போயிற்று. கரண்டியிலிருந்து கட்டில் வரை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்க வேண்டிய நிலைமை. அப்போதுதான், ஒரு வீட்டுக்கு எந்தச் சாமான் எதற்காகத் தேவைப்படுகிறது என்ற யோசனை அவருக்கு ஓடியதாம். அந்த யோசனை வளர்ந்து, 2000-ஆம் வருஷம் பிப்ரவரியில் 'ஸிம்ஸ்' ஆக வெளிவந்தது. வீட்டைப் பறிகொடுத்தவரின் மனத்தில் முளைத்த விளையாட்டு என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வியாசர்பாடிப் பெண் ஏன் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் புரியும்.

இதன் நான்காவது அவதாரமான 'ஸிம்ஸ் 4' 2014 செப்டம்பரில் வந்தது. 2022 அக்டோபரிலிருந்து அதன் அடிப்படை விளையாட்டு இலவசம். ரிச்சி தெருவில் வாங்கிய பழைய லேப்டாப்பில்கூட, பெருமூச்சு விட்டுக்கொண்டாவது, அது ஓடுகிறது. ஆனால் அமெரிக்காவில் செய்த விளையாட்டல்லவா? அதில் சோபா உண்டு, திண்ணை இல்லை. நீச்சல் குளம் உண்டு, அம்மிக்கல் இல்லை. மும்பைத் தெரு நாகரிகத்தைத் தழுவி 2021 அக்டோபரில் ஒரு சிறு உடைத்தொகுப்பு விற்பனைக்கு வந்தது, வாஸ்தவம்தான். ஆனால் மும்பை வேறு, மூலக்கொத்தளம் வேறு.

ஆகவே விளையாடுகிறவர்கள், அதுவும் முக்கியமாகப் பெண்கள், வேண்டியதைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். புடைவை, பொட்டு, கோலம், குத்துவிளக்கு என்று ஒருவர் செய்து கொடுக்க, மற்றவர் வாங்கிப் போட்டுக்கொள்வார். இப்படி வெளியாள் செய்த சாமானுக்கு 'கஸ்டம் கன்டென்ட்' என்று பெயர், செல்லமாக 'ஸி.ஸி.' சாமானாக இல்லாமல் விளையாட்டின் நடைமுறையையே மாற்றுகிற குட்டி புரோகிராம்களும் உண்டு. சமையல் சீக்கிரம் ஆக வேண்டுமென்றால் அதற்கு ஒன்று. குழந்தை அடம்பிடிக்காமலிருக்க ஒன்று! இவற்றுக்கு 'ஸ்கிரிப்ட் மாட்' என்று பெயர். இரண்டையும் 'மாட்ஸ்' என்ற ஒரே ஃபோல்டரில்தான் போட வேண்டும். கோளாறு பிறப்பதும் அங்கேதான்.

இனி வியாசர்பாடிக்கு வருவோம்.

ஆயா நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தது வாரியக் குடியிருப்பு ஒன்றில். 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. ஜனங்களின் வாயில் இன்னும் 'போர்டு வீடு'தான். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, வாசலில் வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள். பெரியவர் 1996-இல் மூடப்பட்ட பின்னி மில்லில் நெசவுப் பகுதியில் வேலை பார்த்தவர். அந்த வீட்டில்தான் காலமானார். கட்டடம் பழுதாகிவிட்டதென்று இடித்தார்கள். புதிதாகக் கட்டித் தரும்வரை ஆயா கொடுங்கையூரில் வாடகைக்கு இருக்கிறார்.

இடிப்பதற்கு முன்பே பேத்தி அந்த வீட்டை அளந்து, விளையாட்டில் அப்படியே கட்டிவிட்டாள். சுவரில் காரை பெயர்ந்த இடம்கூட இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆயா வருவார். லேப்டாப்புக்கு எதிரே உட்காருவார். "பழைய வூட்டெக் காட்டு" என்பார். உள்ளே இன்னொரு ஆயா அரக்குப் புடைவை கட்டிக்கொண்டு நடமாடுவார். நிஜ ஆயா அவருக்கு யோசனை சொல்லுவார்.

வாசலிலிருக்கும் நீலக் குடம் அந்தப் பெண்ணே செய்தது. 'ஸிம்ஸ் 4 ஸ்டுடியோ' என்ற இலவச புரோகிராமில் விளையாட்டின் பூச்சாடி ஒன்றைப் பிரதி எடுத்து, 'பிளெண்டர்' என்ற இன்னொரு இலவச புரோகிராமில் அதற்கு இடுப்பும் கழுத்தும் கொடுத்து, நீல வர்ணம் பூசியிருக்கிறாள். குடத்தில் ஒரு நசுங்கல்கூட உண்டு. லாரித் தண்ணீர் பிடிக்கும்போது நடந்த சண்டையின் நினைவுச் சின்னமாம்!

இந்த வீடுதான் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. விளையாட்டு ஆரம்பிக்கும், மனையைத் தேர்ந்தெடுத்ததும் ஏற்றுகிற திரை வரும், அப்படியே நிற்கும். அரை மணி ஆனாலும் நிற்கும்.

தம்பி சொன்ன வைத்தியம், "எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா போடு." ஒரு ரிப்பேர் கடையில் சொன்ன வைத்தியம், "ஃபார்மட் பண்ணிடலாம்." இந்த 'ஃபார்மட்' வைத்தியத்தில் எனக்குத் துளிக்கூட நம்பிக்கை கிடையாது. அரிசியில் வண்டு விழுந்தால் புடைத்து எடுப்போமா, மூட்டையோடு கூவத்தில் கொட்டுவோமா?

நல்லவேளையாக அந்தப் பெண் இரண்டையும் கேட்கவில்லை. நான் போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கியிருந்தாள். அவளுடைய மாட்ஸ் ஃபோல்டரில் 640 கோப்புகள் இருந்தன.

முதல் காரியமாக அவள் செய்தது என்ன தெரியுமா? எதையும் தொடவில்லை. 'டாக்குமெண்ட்ஸ்' ஃபோல்டருக்குள் 'எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ்', அதற்குள் 'தி ஸிம்ஸ் 4' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதில் 'ஸேவ்ஸ்' என்ற ஃபோல்டரில் குடித்தனம் முழுவதும் பதிவாகியிருக்கும். 'ட்ரே' என்ற ஃபோல்டரில் தனியாகச் சேமித்துவைத்த வீடுகளும் ஆட்களும் இருக்கும். இரண்டையும் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்தாள். டாக்டர் கத்தியை எடுக்குமுன் ரத்தம் தயாராக இருக்கிறதா என்று பார்க்கிறாரே, அந்த மாதிரி.

அடுத்ததாக மாட்ஸ் ஃபோல்டரை அப்படியே டெஸ்க்டாப்புக்கு நகர்த்தினாள். அழிக்கவில்லை, நகர்த்தினாள்! பக்கத்திலேயே 'லோக்கல் தம்ப் கேஷ்' என்று ஒரு கோப்பு இருக்கும். அதை மட்டும் அழித்தாள். விளையாட்டு தன் சௌகரியத்துக்காகப் பழைய சங்கதிகளைக் குறித்துவைக்கும் சீட்டு அது. கெட்ட சாமானை எடுத்த பிறகும் அதன் நினைவு இந்தச் சீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அழித்தால் நஷ்டமில்லை, விளையாட்டு புதிதாக எழுதிக்கொள்ளும். ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் இதை அழிப்பது வழக்கமாக இருக்கட்டும்.

இப்போது வெறும் விளையாட்டைத் திறந்தாள். வீடு திறந்துகொண்டது!

ஆனால் என்ன கோலத்தில்? கோலம் இல்லை, குத்துவிளக்கு இல்லை, வாசலில் குடங்கள் இருந்த இடம் காலி. புடைவைக் கோப்பு இல்லாததால், விளையாட்டு ஆயாவுக்குத் தன் பெட்டியிலிருந்து எதையோ எடுத்து மாட்டிவிட்டிருந்தது. பார்த்துக்கொண்டிருந்த நிஜ ஆயாவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "இன்னாடி இது, எனக்குக் கவுனு மாட்டி வுட்டுக்கீறே!" என்றார்.

"இரு ஆயா. வீடு உயிரோட இருக்குது, அது போதும்" என்றாள் பேத்தி. உடனே சேமிக்காமல் வெளியே வந்துவிட்டாள். இது ரொம்ப முக்கியம், அம்மணிகளே. சாமான் இல்லாத இந்த நிலைமையில் 'ஸேவ்' பொத்தானை அழுத்தியிருந்தால், விளையாட்டு இதையே புது நிலைமை என்று எழுதிக்கொண்டிருக்கும். அப்புறம் கோப்புகளைத் திரும்பப் போட்டாலும் குடம் தானாக வாசலுக்கு வந்து உட்காராது. சோதனை நடக்கும்போது சேமிப்பதே கூடாது.

(வெறும் விளையாட்டிலும் வீடு திறக்கவில்லை என்றால் குற்றம் சாமான்கள்மீது இல்லை. விளையாட்டின் கோப்புகளே பழுதாகியிருக்கலாம். அதை நிறுவிய இடத்திலேயே 'ரிப்பேர்' என்ற வசதி உண்டு. அல்லது சேமித்த பதிவு கெட்டிருக்கலாம். அதற்கான மருந்தைக் கடைசியில் சொல்கிறேன்.)

இனிதான் சீரியல் விளக்குக்காரர் வேலை. அந்த லேப்டாப்பில் விளையாட்டைத் திறந்து, மனையை ஏற்றிப் பார்த்து, மூடுவதற்கு ஆறு நிமிஷம் ஆகிறது. 640 கோப்புகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் 64 மணி நேரம். பாதி பாதியாகப் பிரித்தால் 640, 320, 160, 80, 40, 20, 10, 5, 3, 2 என்று குறைந்துகொண்டே வந்து, பத்தாவது சோதனையில் குற்றவாளி அகப்பட்டுவிடும். அதாவது ஒரே மணி நேரம். விளையாடுகிறவர்கள் இதை 'ஐம்பதுக்கு ஐம்பது' முறை என்கிறார்கள். கேட்க எளிது. செய்யும்போதுதான் சில்லறைத் தொல்லைகள் தலைகாட்டுகின்றன; அவற்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

முதல் 320-ஐப் போட்டாள், வீடு திறக்கவில்லை. அப்படியானால் அடுத்த 320 நல்லவையாகத்தானே இருக்க வேண்டும்? சரிபார்க்க அதையும் தனியாகப் போட்டாள். அதுவும் திறக்கவில்லை! அந்தப் பெண்ணின் முகம் தொங்கிப்போயிற்று. இந்த இடத்தில்தான் பலர் கையை விட்டுவிடுகிறார்கள். உண்மையில் இது நல்ல சேதி; குற்றவாளிகள் இருவர் என்று தெரிந்துவிட்டதல்லவா? ஒவ்வொரு பாதியையும் தனித்தனி வரிசையாக வைத்துக்கொண்டு தேட வேண்டியதுதான். நோட்டுப் புத்தகத்தில் நடுவே ஒரு கோடு கிழித்து, 'அ', 'ஆ' என்று இரண்டு பத்திகள் போட்டாள்.

நடுவில் இன்னொரு பயமுறுத்தல். 'அ' வரிசையின் ஒரு சோதனையில் வீடு திறந்தது. ஆனால் ஆயாவுக்குக் கழுத்தும் கால்களும் இருந்தன. இடையில் ஒன்றையும் காணோம். தாயார் "ஐயோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். பெண் மட்டும் சற்று யோசித்துவிட்டுச் சிரித்தாள். சங்கதி என்னவென்றால், அந்தப் புடைவை இரண்டு கோப்புகளால் ஆனது. ஒன்று புடைவையின் உருவம்; அதற்கு 'மெஷ்' என்று பெயர். அதைச் செய்தவர் வேறு யாரோ. மற்றொன்று இவள் பூசிய அரக்கு வர்ணம். பாதி பிரித்ததில் வர்ணம் ஒரு பக்கமும் உருவம் மறுபக்கமும் போய்விட்டன. துணி இல்லாமல் சாயம் மட்டும் இருந்தால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று. இது கோளாறே அல்ல. உருவமும் அதன் வர்ணங்களும் எப்போதும் ஒரே பாதியில் இருக்கும்படி பிரிக்க வேண்டும். ஆனால் எல்லாக் கோப்புகளும் உள்ளே இருக்கும்போதே இப்படித் தெரிந்தால், எப்போதோ சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று மெஷ்ஷை யாரோ அழித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

சோறு வடித்து, மீன் குழம்பு வைத்து, எல்லாரும் சாப்பிட்டும் ஆயிற்று. (பெண்ணும் சாப்பிட்டாள், தாயார் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.) மூன்று மணி சுமாருக்கு 'அ' வரிசையில் ஐந்து கோப்புகள் மிஞ்சின. அதில் ஒன்று நீலக் குடம்.

அந்த அரை மணி நேரம் வீட்டில் யாரும் பேசவில்லை. "குடமாத்தான் இருக்கும். நான் செஞ்சதுதானேக்கா, எனக்கு என்னா தெரியும்" என்று முணுமுணுத்தாள் பெண். ஐந்தை மூன்றும் இரண்டுமாகப் பிரித்தாள். குடம் இரண்டில் இருந்தது. மூன்றைப் போட்டதும் திரை அப்படியே நின்றது; இரண்டைப் போட்டதும் வீடு ஜம்மென்று திறந்தது. குடம் நிரபராதி! ஆயா, "எங்கூட்டுக் கொடம் இன்னாத்துக்குடி தப்புப் பண்ணும்?" என்று கேட்டுவிட்டு வெற்றிலைப் பையைத் திறந்தார்.

மிஞ்சிய மூன்றில் குற்றவாளி ஒரு தொங்கு விளக்கு. இறக்கும்போது பாதியில் நின்றுபோன கோப்பு அது. செய்தவரின் தளத்தில் அதன் அளவு 12 எம்.பி. என்று போட்டிருக்கிறது; இவளிடம் இருந்ததோ 3 எம்.பி. மழை நாளில் கரண்ட் போன சமயத்தில் இறக்கியது என்று பெண்ணுக்கு ஞாபகம் வந்தது. வடசென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எத்தனை தெருக்கள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தன! ஆகவே கோப்பை இறக்கியதும் அதன் அளவைத் தளத்தில் சொல்லியிருக்கும் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அரை நிமிஷ வேலை. பென் டிரைவை வெடுக்கென்று பிடுங்குவதும் இதே வினையைத்தான் செய்யும்.

'ஆ' வரிசையின் குற்றவாளி வேறு ஜாதி. சமையலைத் துரிதப்படுத்தும் ஸ்கிரிப்ட் மாட் அது. புதுப் பதிப்பை இறக்கிய பெண், பழையதை இன்னொரு ஃபோல்டரில் மறந்துவிட்டிருந்தாள். ஒரே அடுப்பங்கரையில் இரண்டு சமையற்காரர்கள்! பழையதை எடுத்ததும் சண்டை தீர்ந்தது. விளையாட்டின் கம்பெனி அவ்வப்போது புதுப்பிப்பு அனுப்பும்போது ஸ்கிரிப்ட் மாட்கள்தான் முதலில் படுத்துக்கொள்கின்றன. கைக்குழந்தைகளை விளையாட்டில் சேர்த்த 2023 மார்ச் புதுப்பிப்பில் ஏராளமான மாட்கள் ஒரே நாளில் செயலிழந்தன. புதுப்பிப்பு வந்த அன்றே அவசரப்பட்டு வீட்டைத் திறக்காதீர்கள். மாட்டைச் செய்தவர் புதுப் பதிப்பு தரும்வரை பொறுப்பது உத்தமம்.

புதுப்பிப்பைப் பற்றி இன்னொரு சமாசாரம். அது வந்தவுடன் வெளிச் சாமான்களையும் ஸ்கிரிப்ட்களையும் அனுமதிக்கும் இரண்டு பொத்தான்களை விளையாட்டு தானாகவே அணைத்துவிடும். குடங்கள் எல்லாம் மாயமாய் மறைந்துவிட்டன என்று அழுவதற்கு முன்னால் 'கேம் ஆப்ஷன்ஸ்' பகுதியில் அந்த இரண்டையும் பாருங்கள். போட்டுவிட்டு விளையாட்டை மூடித் திறந்தால் முக்கால்வாசிக் கண்ணீர் மிச்சம். ஸ்கிரிப்ட் கோப்பை மாட்ஸ் ஃபோல்டருக்குள் ஒரே ஒரு உள் ஃபோல்டர் ஆழத்துக்குமேல் வைக்கக் கூடாது; வைத்தால் விளையாட்டின் கண்ணில் படாது. சாதாரணச் சாமான் கோப்புகளை ஐந்து அடுக்குவரை வைக்கலாம். இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று நூறு கோப்புகளை ஒன்றாக இணைத்துவைப்பதும் சிலருக்குப் பழக்கம். எனக்குச் சம்மதமில்லை. அதில் ஒன்று கெட்டால் எதைப் பாதியாகப் பிரிப்பது?

இதுவரை சொன்னதெல்லாம் வெறும் பழுது. இனிச் சொல்வது திருட்டு. சாமான் கோப்பில் உருவமும் படமும்தான் இருக்கும். ஸ்கிரிப்ட் மாட் அப்படியல்ல. அது 'பைத்தான்' மொழியில் எழுதிய நிஜ புரோகிராம், நம் கம்ப்யூட்டரில் ஓடுவது. 2024-ஆம் வருஷத் தொடக்கத்தில் சில விஷமிகள், மாட் செய்பவர்களின் கணக்குகளைக் கைப்பற்றி, அவர்கள் பெயரிலேயே நஞ்சு கலந்த ஸ்கிரிப்ட்களைப் பிரபலமான தளங்களில் ஏற்றிவிட்டார்கள். அவை விண்டோஸ் கம்ப்யூட்டரில் சேமித்திருக்கும் பாஸ்வேர்டுகளைத் திருடக்கூடியவை. அதன் பிறகு 'ட்விஸ்டட் மெக்ஸி' என்ற புனைபெயருள்ள மாட் ஆசிரியர் 'மாட்கார்டு' என்று ஒரு இலவசக் காவற்காரனைச் செய்து கொடுத்திருக்கிறார்.

நான் பார்த்த லேப்டாப்பில்தான் தாயார் மகளிர் சுயஉதவிக் குழுவின் வரவு செலவு எழுதுகிறார். பாங்குக் கணக்கும் அதிலேயே. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். ஆகவே பெண்ணிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: "இது சாமானா, ஸ்கிரிப்டா? ஸ்கிரிப்ட் என்றால், இறக்குமுன் மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று ஓரிரு நாள் பொறுத்துப் பார்த்தாயா?" அதோடு, புடைவை என்று சொல்லிவிட்டு உள்ளே ஸ்கிரிப்ட் கோப்பை வைத்திருந்தால் தொடவே வேண்டாம். புடைவைக்குப் புரோகிராம் எதற்கு?

கடைசியில் சொல்வதாகச் சொன்ன மருந்து: சேமித்த பதிவே கெட்டுப்போனால் என்ன செய்வது? விளையாட்டு ஒவ்வொரு குடித்தனத்துக்கும் முந்தைய ஐந்து பதிவுகளைத் தானாகவே ஸேவ்ஸ் ஃபோல்டரில் வைத்திருக்கும். குடித்தனத்தை ஏற்றும் திரையில் பழைய பதிவை மீட்கும் வசதி உண்டு. மீட்டதும் அதை வேறு பெயரில் சேமித்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஐந்து என்பது பெரிய எண்ணிக்கை அல்ல. கெட்டது தெரியாமல் ஆறு தடவை சேமித்துவிட்டால் நல்ல பிரதி ஒன்றுகூட மிஞ்சாது. வியாசர்பாடி வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும், ஆயா கொடுங்கையூருக்குத் திரும்ப பஸ் ஏறியதும், பென் டிரைவில் ஒரு நகல் எடுத்துத் தேதி எழுதி பீரோவில் வைத்துவிடுகிறார்கள். கெட்ட விளக்கைத் தளத்திலிருந்து முழுசாகத் திரும்ப இறக்கியாகிவிட்டது. குடத்தைப் பச்சையிலும் ஆரஞ்சிலும் செய்து, கேட்கிற சிநேகிதிகளுக்கெல்லாம் பெண் சும்மாவே கொடுக்கிறாள். நசுங்கின நீலக் குடத்தை மட்டும் யாருக்கும் தரக் கூடாது என்பது ஆயாவின் உத்தரவு.